மாடிக்கு வரும் குருவிகளுக்கு வீட்டிலேயே தானியக் கலவை

‘பறவைத் தீனி’ என்று கடைகளில் விற்கும் பாக்கெட்டுகளில் பலவற்றைப் பிரித்துப் பார்த்தால் உடைத்த மக்காச்சோளமும் முழுப் பட்டாணியும்தான் கண்ணில் படும். மாடப்புறாவுக்கு அது விருந்து. சிட்டுக்குருவியின் அலகுக்கு அதில் பாதிகூட அகப்படாது. அதே காசில் மளிகைக் கடையிலும் தானிய மண்டியிலும் நாமே பார்த்து வாங்கிக் கலந்துகொள்ளலாம். கலப்பது ஐந்து நிமிட வேலை. எந்தப் பறவைக்கு, எவ்வளவு, எப்படிச் சுத்தமாக வைப்பது என்பதில்தான் கவனம் வேண்டும். நம் ஊர் மொட்டைமாடி, பால்கனி, கொல்லைப்புறங்களை மனத்தில் வைத்து எழுதிய குறிப்புகள் இவை.

1. தானியம் வாங்கும் முன் சில நாள் காலையில் மாடியில் உட்கார்ந்து, யார் யார் வருகிறார்கள் என்று பாருங்கள். தடித்த, கூம்பு போன்ற அலகு இருந்தால் அது தானியம் உடைக்கும் பறவை: சிட்டுக்குருவி, சில்லை, தூக்கணாங்குருவி இந்த வகை. வளைந்த, மெல்லிய அலகுள்ள தேன்சிட்டும், ஊசி அலகுள்ள தையல்சிட்டும் உங்கள் தானியத்தைத் திரும்பிக்கூடப் பார்க்காது. அவற்றுக்குச் செம்பருத்தியும் இட்லிப்பூவும் வைத்தால் போதும். வராத பறவைக்காகப் பத்து வகைத் தானியம் வாங்கிக் கலப்பது வீண். மூன்று தானியத்துக்கு மேல் எந்தக் கலவைக்கும் தேவையில்லை என்பது என் கட்சி.

2. சிட்டுக்குருவிக் கலவை: கம்பு 2 டம்ளர், தினை 1 டம்ளர், குருணை அரிசி 1 டம்ளர். மூன்றையும் தனித்தனியாகப் புடைத்துக் கல், தூசி போக்கி, ஒரு வெயில் காயவைத்துக் கலக்குங்கள். குருவி முதலில் கம்பைப் பொறுக்கும்; குருணை கடைசியில்தான் போகும். சில நாளில் தட்டில் எது மிஞ்சுகிறது என்று தெரிந்துவிடும். மிஞ்சுவதை அடுத்த முறை பாதியாகக் குறையுங்கள். அவ்வளவுதான், உங்கள் வீட்டுக்கான அளவு கிடைத்துவிட்டது. அறுவடைக் காலத்தில் நெற்கதிர்க் கொத்து கிடைத்தால் வாசல் உத்தரத்தில் கட்டித் தொங்கவிடுங்கள். கிராமத்து வீடுகளில் இருந்த பழைய வழக்கம்தான் இது. தட்டில் கொட்டுவதைவிட இதில் ஒரு லாபம், புறா வந்து தொங்க முடியாது.

3. சில்லைக் கலவை: தினை 2 டம்ளர், சாமை 1 டம்ளர், கேழ்வரகு அரை டம்ளர். சிலர் தினைக்குருவி என்றும் நெல்லுக்குருவி என்றும் சொல்லும் இந்தச் சின்னப் பறவை பதினைந்து கிராம் எடைகூட இராது. புல்விதை தின்று பழகியது. ஆகவே தானியம் எவ்வளவு சிறிதோ அவ்வளவு நல்லது. கூட்டமாக வரும், சத்தம் கேட்டால் கூட்டமாகப் பறந்துவிடும். நகரத்தின் நடுவே வருவது குறைவு. ஏரிக்கரை, வயல், காலிமனை பக்கத்தில் இருந்தால் நிச்சயம் எதிர்பார்க்கலாம்.

4. சிறுதானியத்தை உமியோடு வாங்குங்கள். மளிகைக் கடையில் கிடைக்கும் ‘தினை அரிசி’, ‘சாமை அரிசி’ எல்லாம் நமக்காக உமி நீக்கியவை. விலையும் கூடுதல், சீக்கிரம் சிக்கு வாடையும் வண்டும் வந்துவிடும். உமியோடு இருப்பது மாதக்கணக்கில் கெடாது. லவ் பேர்ட்ஸ் தீனி விற்கும் கடையில் உமியோடு தினை கிலோ கணக்கில் கிடைக்கும். தட்டில் ஒரு வேலை மட்டும் கூடும்: தின்ற பிறகு உமி மேலே மூடிக்கொண்டு தட்டு நிறைந்திருப்பதுபோலத் தெரியும். தினமும் ஒரு ஊது ஊதிப் பாருங்கள். அடியில் தானியமே இல்லாமல் வெறும் உமியாக இருக்கும்.

5. கிளிகள் வரும் மாடி என்றால், சூரியகாந்தி விதை 1 டம்ளர், வெள்ளைச் சோளம் 1 டம்ளர், தோலோடு உடைக்காத நிலக்கடலை ஒரு கைப்பிடி. கூடவே ஒரு கொய்யாப்பழமோ, இரண்டு பச்சைமிளகாயோ வைத்தால் முதலில் அதைத்தான் எடுக்கும். மிளகாயின் காரம் பறவைகளுக்கு உறைக்காது. பாலூட்டிகளின் நாக்கைச் சுடும் அந்தப் பொருளை உணரும் அமைப்பு பறவைகளிடம் அப்படி வேலை செய்வதில்லை. சென்னை ராயப்பேட்டையில் ஊறவைத்த அரிசிக்காக ஒரு வீட்டு மாடிக்கு ஆயிரக்கணக்கில் கிளிகள் வந்ததை நாளிதழ்களில் பலரும் படித்திருப்பீர்கள். பார்க்க அழகுதான், ஆனால் அந்த அளவுக்கு இழுக்க வேண்டியதில்லை. பழகிவிட்டதே என்று ஒன்றைப் பிடித்துக் கூண்டில் வைத்துவிடாதீர்கள். நாட்டுக் கிளிகளையும் சில்லைகளையும் பிடிப்பதும் வளர்ப்பதும் விற்பதும் 1972-ஆம் ஆண்டு வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டப்படி குற்றம்.

6. மைனா, தவிட்டுக்குருவி, கொண்டைக்குருவி ஆகியவற்றுக்குத் தானியக் கலவை முக்கியமில்லை. கனிந்த வாழைப்பழத்தைத் தோலோடு நீளவாக்கில் பிளந்து வையுங்கள். பப்பாளிக் காம்புப் பகுதி, சப்போட்டா எதுவும் ஆகும். தேங்காய் உடைத்த மூடியில் ஒட்டிய பருப்போடு ஒரு துண்டைக் கட்டித் தொங்கவிட்டாலும் கொத்தும். உலர்ந்த தேங்காய்த் துருவல் மட்டும் வேண்டாம், வயிற்றுக்குள் போய் ஊறிப் பெருக்கும். பழத்தை மாலைக்குள் எடுத்துவிடுங்கள். இல்லாவிட்டால் ராத்திரி எறும்பும் கரப்பானும் வந்து குடியேறும்.

7. வேகாத அரிசி குருவியின் வயிற்றில் ஊதிக் கொன்றுவிடும் என்று வாட்ஸ்அப்பில் ஒரு செய்தி சுற்றுகிறது. வயலில் நெல்லைத் தின்றே வளரும் பறவைகளுக்கு அரிசி எப்படி விஷமாகும்? தாராளமாகப் போடலாம். பச்சரிசி, புழுங்கல் இரண்டும் ஒன்றுதான். ஆனால் அரிசி மட்டுமே போட்டால் சத்துக் குறைவு. கம்பில் அரிசியைவிடப் புரதமும் கொழுப்பும் கூடுதல், கேழ்வரகில் சுண்ணாம்புச் சத்து 100 கிராமுக்கு 340 மில்லிகிராம் அளவில் இருக்கிறது. அதனால்தான் கலவை.

8. காக்கைக்குச் சோறு வைப்பது வேறு கணக்கு. அது வந்து உடனே எடுத்துப் போய்விடும். சோற்றைத் தானியத் தட்டில் கலக்காதீர்கள். நம் வெயிலில் நாலு மணி நேரத்தில் புளித்துப் பிசுபிசுத்து, பக்கத்திலிருக்கும் தானியத்தையும் கெடுக்கும்.

9. மிக்ஸர், காராபூந்தி, சிப்ஸ் தூள், உப்புக்கடலை, ஊறுகாய் பட்ட சோறு எதுவும் வேண்டாம். இத்தனூண்டு உடம்புக்கு அந்த உப்பைத் தாங்கும் சக்தி கிடையாது. பாலும் வேண்டாம், பறவைக்குச் செரிக்காது. பிரெட் கெடுதல் என்று சொல்ல முடியாது, ஆனால் வயிறு நிறையுமே தவிர வேறு பயனில்லை. பிஸ்கட் மிச்சத்தைத் தீர்க்கும் இடமாகத் தட்டை ஆக்கிவிடாதீர்கள்.

10. இது மிக முக்கியம்: விதைக் கடையில் விதைப்பதற்கென்று விற்கும் கம்பு, சோளம், மக்காச்சோளத்தை ஒருபோதும் தீனியாகப் போடாதீர்கள். ரோஸ், சிவப்பு, நீலம் என்று சாயம் ஏறியிருப்பது பூஞ்சைக்கொல்லியோ பூச்சிக்கொல்லியோ பூசியதற்கான அடையாளம். வீட்டில் உழவு வேலை இருந்து, விதைப்பு முடிந்து மீதி கிடந்தாலும் அதைக் குருவிக்கு இறைக்க வேண்டாம். கழுவினால் போய்விடும் என்ற நம்பிக்கையும் வேண்டாம்.

11. பூஞ்சணம் பிடித்தது மனிதனுக்கு ஆகாது என்றால் பறவைக்கும் ஆகாது. பூஞ்சை பிடித்த நிலக்கடலையில் அஃப்ளடாக்சின் என்ற நஞ்சு சேரும். அதைக் கண்ணால் கண்டுபிடிக்க முடியாது. சுருங்கிய, கறுத்த, கசக்கும் பருப்பைப் பொறுக்கி எறியுங்கள். ‘நமக்கு ஆகாது, குருவிக்குப் போடலாம்’ என்று சொத்தைக் கடலையை எடுத்து வைக்கும் பழக்கம் பல வீடுகளில் உண்டு. அதை விட்டுவிடுங்கள். வரகு விஷயத்தில் இன்னும் கவனம். 2024 அக்டோபர் இறுதியில் மத்தியப் பிரதேசத்தின் பாந்தவ்கர் புலிகள் காப்பகத்தில், பூஞ்சை பிடித்த வரகுப் பயிரை மேய்ந்த 10 யானைகள் செத்துப்போயின. சைக்ளோபியசானிக் அமிலம் என்ற பூஞ்சை நஞ்சுதான் காரணம் என்று பரிசோதனையில் தெரிந்தது. நல்ல வரகு நமக்குச் சாப்பாடுதான். ஆனால் எங்கே, எந்த ஈரத்தில் அறுத்தது என்று தெரியாத வரகைத் தீனிக்கு வாங்காமல் இருப்பதே நல்லது. தினையும் சாமையும் இருக்க வரகு எதற்கு?

12. ஒரு மாதத்துக்கு வேண்டியதை மட்டும் கலந்து, காற்றுப் புகாத எவர்சில்வர் டப்பாவில் வையுங்கள். வண்டு வராமல் இருக்க நன்றாகக் காய்ந்த வேப்பிலையைத் துணியில் முடிந்து போடலாம். ரசகற்பூர உருண்டை, பூச்சி மாத்திரை கூடவே கூடாது. வசம்பையும் தவிர்த்துவிடுங்கள். ஃப்ரீசரில் இடம் இருந்தால் வாங்கி வந்த பையை அப்படியே நாலு நாள் வைத்து எடுத்தால் வண்டின் முட்டையும் செத்துவிடும். வெளியே எடுத்ததும் திறக்காமல் அறைச் சூட்டுக்கு வரவிடுங்கள், இல்லையேல் உள்ளே வியர்த்து ஈரம் கோக்கும். அப்படியும் இரண்டு வண்டு ஊர்ந்தால் பயப்பட வேண்டாம், தவிட்டுக்குருவி அதையும் சேர்த்துத் தின்னும். கட்டி கட்டியாக ஒட்டியிருந்தாலோ, பாசி வாடை அடித்தாலோ மொத்தத்தையும் உரக்குழியில் கொட்டுங்கள்.

13. கிருஷ்ணகிரி, தருமபுரிப் பக்கம் உள்ளவர்களுக்குப் பேயெள்ளு எளிதாகக் கிடைக்கும். எண்ணெய்ச் சத்து மிகுந்த இந்தக் கறுப்பு விதை இந்தியாவிலிருந்து பறவைத் தீனியாகவே வெளிநாடுகளுக்குக் கப்பலேறுகிறது. கூடவே களைவிதை வந்துவிடக் கூடாது என்று அமெரிக்காவில் அதைச் சூடேற்றிய பிறகுதான் உள்ளே விடுகிறார்கள். அங்கே அதன் விலையைக் கேட்டால் நம் விவசாயி சிரிப்பார். சில்லைக் கலவையில் இரண்டு மேசைக்கரண்டி சேர்த்துப் பார்க்கலாம். எண்ணெய் விதை என்பதால் சீக்கிரம் சிக்கு அடிக்கும், கொஞ்சமாகவே வாங்குங்கள்.

14. மாட்டுக்கொழுப்பை உருக்கி விதை கலந்து உருண்டை பிடிக்கும் செய்முறைகள் இணையத்தில் நிறைய. பனி கொட்டும் நாட்டில், பதினாறு மணி நேர இரவைத் தாண்ட வேண்டிய பறவைக்கு அது உயிர் காக்கும். நம் ஊர் சித்திரை வெயிலில் உருகி வழிந்து, இறகில் ஒட்டிப் பாழாக்கும். டால்டா, நெய் வைத்துச் செய்யும் உள்ளூர் வடிவங்களுக்கும் இதே பதில்தான்.

15. முட்டையிடும் காலத்தில் பெண்குருவிக்குச் சுண்ணாம்புச் சத்து தேவை. கோழிமுட்டை ஓட்டைக் கழுவி, பத்து நிமிடம் கொதிக்கவைத்து, காயவைத்து, வெறும் வாணலியில் லேசாக வறுத்து நொறுக்குங்கள். கொதிக்கவைக்காத ஓட்டில் சால்மோனெல்லா கிருமி இருக்கக்கூடும். தானியத்தோடு கலக்காமல் பக்கத்தில் தனி மூடியில் வையுங்கள். பல் இல்லாத பறவைக்கு இரைப்பையில் தானியத்தை அரைக்கப் பொடிக்கல் வேண்டும் என்பதால் ஒரு கைப்பிடி ஆற்றுமணலும் அதே மூடியில் இருக்கட்டும்.

16. எதில் வைப்பது? சிரட்டை மூன்றை உறியில் கட்டித் தொங்கவிட்டால் காசே இல்லாத தீனிக்கிண்ணம். அடியில் ஆணியால் நாலு ஓட்டை போட மறக்காதீர்கள். மழைத் தண்ணீர் வடியாவிட்டால் ஒரே நாளில் தானியம் முளைகட்டும், மறுநாள் பூஞ்சணம். தண்ணீர் பாட்டிலில் மரக்கரண்டி செருகிச் செய்வது படத்தில் அழகாக இருக்கிறது. ஆனால் உள்ளே ஈரம் தங்கிக் கழுவ வராது, எனக்கு அதில் நம்பிக்கை இல்லை. அகலமான மண்தட்டு நல்லது. ஐப்பசி, கார்த்திகை அடைமழையில் கூரைக்குக் கீழே மாற்றி, ஒரு வேளைக்கு வேண்டியதை மட்டும் போடுங்கள்.

17. பூனை பதுங்கி வர முடியாத இடமாகப் பாருங்கள். பக்கத்தில் மருதாணி, செம்பருத்தி, முருங்கை ஏதாவது இருந்தால் குருவி அதில் உட்கார்ந்து பார்த்துவிட்டு இறங்கும். ஆனால் புதருக்கும் தட்டுக்கும் ஆறேழு அடி இடைவெளி வேண்டும். பெரிய கண்ணாடி ஜன்னல் இருந்தால் தட்டை ஜன்னலை ஒட்டியே வையுங்கள், அல்லது முப்பது அடிக்கு மேல் தள்ளி வையுங்கள். நடுத்தர தூரத்தில்தான் வேகம் பிடித்து வந்து மோதும். விடிந்ததும் ஒரு கைப்பிடி, மாலை நாலரைக்கு ஒரு கைப்பிடி போதும்.

18. தீனி வைக்கும் இடத்தில் நோயும் பரவும் என்பதை நம் ஊரில் யாரும் பேசுவதில்லை. பிரிட்டனில் 2005-இலிருந்து ட்ரைக்கோமோனாஸ் என்ற ஒட்டுண்ணி தோட்டத்துத் தீனித்தட்டுகளின் வழியாகப் பரவி, கிரீன்ஃபின்ச் என்ற பறவையினத்தின் எண்ணிக்கையைக் கடுமையாகக் குறைத்துவிட்டது. புறாக்களிடம் காலங்காலமாக இருக்கும் ஒட்டுண்ணிதான் அது. எச்சில் பட்ட தானியமும் தண்ணீரும் போதும் தொற்றிக்கொள்ள. ஆகவே வாரம் ஒருமுறையாவது தட்டைச் சோப்புத் தண்ணீரில் தேய்த்து, கொதிநீர் ஊற்றி, வெயிலில் முழுக்கக் காயவைத்துத்தான் மறுபடி தானியம் போட வேண்டும். இரண்டு தட்டு வைத்துக்கொண்டு மாற்றி மாற்றிப் போடுவது சுலபம். இறகைச் சிலுப்பிக்கொண்டு, கிட்டே போனாலும் பறக்காமல், வாயோரம் ஈரமாக ஒரு பறவை உட்கார்ந்திருந்தால் இரண்டு வாரம் தீனியையும் தண்ணீரையும் நிறுத்திவிடுங்கள். இரக்கமில்லாத செயல்போலத் தோன்றும்; மற்றப் பறவைகளைக் காப்பாற்றுவது அதுதான். தட்டு கழுவ வீட்டுப் பாத்திரப் பிரஷ் வேண்டாம், தனி பிரஷ். பிறகு கையைச் சோப்புப் போட்டுக் கழுவுங்கள்.

19. மாடப்புறா கூட்டம் வந்துவிட்டால் சின்னப் பறவைகள் ஒதுங்கிவிடும், பக்கத்து வீட்டாரோடு சண்டையும் வரும். அதன் காய்ந்த எச்சத்தூள் மூச்சில் போனால் சிலருக்கு நுரையீரல் நோய் வருகிறது. மும்பையில் 2025-இல் புறாக்களுக்குத் தீனி போடும் கபூதர்கானாக்களை மாநகராட்சி மூடியதும் வழக்கு உயர் நீதிமன்றத்தில் நடந்ததும் இதனால்தான். முதல் வேலை, கலவையில் மக்காச்சோளம், பட்டாணி, பெரிய சோளம் இல்லாமல் பார்த்துக்கொள்வது. அடுத்தது, தட்டைச் சுற்றி நாலு சென்டிமீட்டர் கண் உள்ள கம்பிவலையால் கூடை போல மூடிவிடுவது. குருவியும் சில்லையும் கண் வழியே நுழைந்து போகும், புறாவும் காக்கையும் வெளியே நிற்கும். கம்பி முனைகளை மடக்கிவிடுங்கள். புள்ளிப்புறா போன்ற சாதுவான காட்டுப் புறாக்கள் வந்தால் கீழே சிந்தியதைப் பொறுக்கிக்கொண்டு போய்விடும், அவற்றுக்கென்று தனியாக எதுவும் வைக்க வேண்டாம்.

20. அணில் வந்தால் விட்டுவிடுங்கள், அது எவ்வளவு தின்றுவிடும்? பொறுக்க முடியாதவர்கள் வரமிளகாயை விதையோடு கிள்ளிக் கலவையில் போடலாம். பறவைக்கு உறைக்காது, அணிலுக்கு உறைக்கும். மிளகாய்த்தூள் மட்டும் வேண்டாம், காற்றில் பறந்து எல்லார் கண்ணிலும் விழும். எலிதான் உண்மையான தொல்லை. பொழுது சாயும் முன் சிந்தியதைக் கூட்டி அள்ளினால் பாதிப் பிரச்சினை தீரும்.

21. தானியம் தின்னும் பறவைக்குத் தண்ணீர் அதிகம் தேவை. கோடையில் தானியத்தைக்கூட நிறுத்தலாம், தண்ணீரை நிறுத்தக் கூடாது. இரண்டு அங்குலத்துக்கு மேல் ஆழமில்லாத மண்சட்டி, நடுவில் ஏறி உட்கார ஒரு கல். தானியத் தட்டிலிருந்து நாலடி தள்ளி வைத்தால் உமி விழாது. தினமும் பழைய தண்ணீரைக் கொட்டிச் சட்டியைத் தேய்த்துவிட்டு ஊற்றுங்கள். டெங்கு பரப்பும் கொசு முட்டையிலிருந்து முழுக்கொசுவாக ஒரு வாரம், பத்து நாள் ஆகும். தினம் கொட்டினால் அதற்கு வாய்ப்பே இல்லை.

22. சிட்டுக்குருவி தானியம் தின்னும், ஆனால் அதன் குஞ்சுக்கு முதல் நாள்களில் புழுவும் பூச்சியும்தான் ஊட்டும். எவ்வளவு கம்பு போட்டாலும் சுற்றுவட்டாரத்தில் புழு இல்லையென்றால் குஞ்சு பிழைக்காது. மாடித்தோட்டத்தில் பூச்சிமருந்து அடித்துக்கொண்டே குருவிக்குத் தட்டு வைப்பது எதற்கு என்று தெரியவில்லை. மார்ச் 20 உலகச் சிட்டுக்குருவி நாளன்று கூடு வாங்கி மாட்டுவதைவிட, கறிவேப்பிலைச் செடியில் இருக்கும் நாலு புழுவை விட்டுவைப்பது மேல். குஞ்சு இருக்கும் பருவத்தில் முழு நிலக்கடலை வைக்காதீர்கள், தொண்டையில் அடைத்துக்கொள்ளும். இடித்து நொய்யாக்கிப் போடுங்கள். இடம் இருந்தால் ஒரு பழைய தொட்டியில் கலவையிலிருந்தே ஒரு பிடி கம்பும் தினையும் தூவி விடுங்கள். மூன்று மாதத்துக்குள் கதிர் பிடித்துவிடும். அறுக்காமல் செடியிலேயே விட்டால் சில்லைகள் தண்டைப் பிடித்துத் தொங்கிக்கொண்டு தின்னும். துளசி பூத்துக் காய்ந்த கதிரையும் உடனே கிள்ளிப் போடாதீர்கள், அந்த விதைக்கும் ஆள் வரும்.

23. ஊருக்குப் போக வேண்டியிருந்தால், ‘நாம் இல்லாவிட்டால் குருவி பட்டினி கிடக்குமே’ என்று கவலைப்பட வேண்டாம். காட்டுப் பறவைக்கு உங்கள் தட்டு பல இடங்களில் ஒன்றுதான். இங்கே இல்லையென்றால் அடுத்த தெருவில் தேடிக்கொள்ளும். ஒரு வாரத் தானியத்தை மொத்தமாகக் கொட்டிவிட்டுப் போனால் எலியும் பூஞ்சணமும்தான் மிஞ்சும். தட்டைக் கழுவிக் கவிழ்த்து வைத்துவிட்டுப் போங்கள். முடிந்தால் தண்ணீரை மட்டும் பக்கத்து வீட்டில் சொல்லிவைத்துவிட்டுப் போங்கள்.